பன்னிரண்டாவது கணுக்கால்

மிலியாகெரே ஆறு ஆண்டுகளாக எங்கள் வாதுலெகா தீவின் எழுவர் ரக்பி அணிக்கு முதலுதவி பார்த்துவந்தாள். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து அணியில் பன்னிரண்டு பேர். ஆட்டத்துக்கு முன் பதினோரு பேரின் கணுக்காலில் அவளே டேப் சுற்றுவாள். பன்னிரண்டாவது கணுக்கால் முன்னால் வந்ததும் டேப் சுருளை அணியில் ஆடும் சகராயாவின் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பப் போய்விடுவாள். அந்தக் கணுக்கால் அவளுடைய பெரியப்பா மகன் இசிகெலியுடையது.

இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. பெரியப்பா மகன் என்றால் கூடப்பிறந்தவன்தான். வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் எங்கள் தீவில் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் பேச்சை நிறுத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். தங்கை காதில் விழும்படி ஆண்கள் பச்சையாகப் பேச மாட்டார்கள். இது பகை அல்ல. இசிகெலி மீன்பிடித்துத் திரும்பும் நாட்களில் நல்ல மீனின் தலை மிலியாகெரே வீட்டு வாசலில் இருக்கும். யார் வைத்தது என்று அவள் கேட்டதில்லை. பயண நாட்களில் வெந்து பூத்த மரவள்ளிக்கிழங்கு எப்போதும் அவன் பொட்டலத்துக்குள் போய்ச் சேரும். யார் கட்டியது என்று அவனும் கேட்டதில்லை. அவள் பன்னிரண்டு வயதிலும் அவன் பதின்மூன்று வயதிலும் பேச்சை நிறுத்தியவர்கள். பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்களுக்கு நடுவில் போய்வந்துகொண்டிருந்தவன் சகராயா. இருவருக்கும் அத்தை மகன். அத்தை மகனுக்கு எங்கள் ஊரில் கட்டுப்பாடு கிடையாது, எதையும் சொல்லலாம், யாரையும் கிண்டல் செய்யலாம். வாதுலெகாவில் அந்த உரிமையை அவனைப்போல் முழுசாகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இல்லை.

மிலியாகெரேயிடம் பெரிய திறமை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். தீவின் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பவள். குழந்தைகள் அவளைக் கண்டதும் அழும், ஏனென்றால் அவள் கொஞ்சுவதில்லை. தலைநகர் சுவாவில் நான்கு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்தாள். அங்கே கொடுத்த அட்டை ஒன்று அவள் பையில் எப்போதும் தொங்கும். தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அதில் இருந்தன. எங்கே இருக்கிறோம், கடைசியாக யார் பாயிண்ட் எடுத்தது, இது எந்தப் பாதி, போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. அந்த ஐந்தும் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் அட்டையைக் கையில் எடுத்துத்தான் கேட்பாள்.

அந்த முறை தீவுகள் விளையாட்டு விழா சுவாவில் நடந்தது. வலைப்பந்து, கைப்பந்து, துடுப்புப் படகு, ஓட்டங்கள் எல்லாம் முடிந்து கடைசி நாளில் எழுவர் ரக்பி. எங்கள் ஆட்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துத் தங்கியிருந்தார்கள். நான் விழாக் குழுவில் நேரம் பார்க்கும் மேசைக்குப் போடப்பட்டிருந்தேன். இறுதி ஆட்டத்தன்று காலையில் அந்த வகுப்பறைக்குப் போனபோது மிலியாகெரே சகராயாவின் காலை முழங்காலில் ஏற்றி வைத்து டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மிலி, மெதுவா. ரத்தம் மேல ஏற வழி இருக்கட்டும். கட்டிக்கப்போற பொண்ணுகூட இப்படி இறுக்க மாட்டா."

"உன்னைக் கட்டிக்க எவ வரப்போறா? கால் ரெண்டும் இருக்கேன்னு சந்தோஷப்படு."

"நீ வாயேன்."

"உன் எடையைப் பாத்தேனே போன மாசம். என் பாய் தாங்காது."

அறையே சிரித்தது. அப்போது இசிகெலி குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வந்தான். சிரிப்பு நின்றது. மிலியாகெரே டேப் முனையைப் பல்லால் கடித்து அறுத்தாள், சுருளைச் சகராயாவின் மடியில் வைத்தாள், கீழே பார்த்தபடி வெளியே போனாள். இசிகெலி அவள் எழுந்த இடத்துக்கு நேராக உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காலை நீட்டினான். எல்லாம் அதனதன் ஒழுங்கில் நடந்தது.

இறுதி ஆட்டம் நாயசித் தீவுக்கு எதிராக. பாதிக்கு ஏழே நிமிடம். முதல் பாதியில் ஐந்தாவது நிமிடம் தாண்டியதும் இசிகெலி தாழ்வாகப் பாய்ந்து ஒருவனை வீழ்த்தினான். விழுந்தவனின் முழங்கால் இசிகெலியின் இடது காதுக்கு மேலே இடித்தது. அந்தச் சத்தம் மேசைவரை கேட்டது. நடுவர் ஊதினார். நான் கடிகாரத்தை நிறுத்தினேன்.

மைதான மருத்துவர் அப்போது பக்கத்து வலைப்பந்துத் திடலில், மணிக்கட்டு முறிந்த ஒரு பெண்ணிடம் இருந்தார். ஆகவே மிலியாகெரே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் இசிகெலி எழுந்து உட்கார்ந்திருந்தான். அவள் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டாள். பிறர் தலையைத் தொடுவதே எங்களுக்குக் கூசும் காரியம். அண்ணன் தலை என்றால் நினைத்தும் பார்க்க முடியாது. அட்டையை எடுத்துச் சகராயாவின் பக்கம் திரும்பினாள்.

"எங்க இருக்கோம்னு கேளு."

"மச்சான், நாம எங்க இருக்கோம்?"

இசிகெலி கூட்டத்தைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"உன் பொண்டாட்டி பாயில."

தங்கை இரண்டு கை தூரத்தில் நிற்கிறாள். பிறகு யாரோ அடக்க முடியாமல் மூக்கால் சிரித்தார்கள், அதோடு எல்லோருக்கும் உடைந்துவிட்டது. சகராயாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அந்தச் சிரிப்பை இன்னும் பெரிதாக்கியது.

"டேய், மிலி நிக்கிறாடா," என்றான் சகராயா, குரலைத் தாழ்த்தி.

மிலியாகெரே புல்லைப் பார்த்துக்கொண்டே, "கடைசியா பாயிண்ட் எடுத்தது யாருன்னு கேளு," என்றாள்.

"கேட்டியா மச்சான்? யாரு எடுத்தது?"

"உன் மாமனாரு."

மறுபடி சிரிப்பு. மிலியாகெரேயின் கழுத்து சிவந்திருந்தது. மூன்று கேள்விகள் மிச்சம் இருந்தன. அவள் அட்டையைப் பைக்குள் திணித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நடந்தாள். சகராயா நடுவரைப் பார்த்துக் கையசைத்தான்.

"ஒண்ணுமில்ல சார். வாய் நல்லா வேலை செய்யுது."

நான் கடிகாரத்தை ஓடவிட்டேன். நானும் சிரித்திருந்தேன்.

பிறகு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். பதில் தெரியாதவன் பகடியில் ஒளிந்துகொள்வது எல்லா ஊரிலும் நடக்கும். எங்கள் ஊரில் மட்டும் அந்தப் பகடியே அடிபட்டதன் அடையாளமாக இருந்தது. தங்கை முன்னால் அப்படி ஒரு சொல்லை இசிகெலி சொல்லவே மாட்டான் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சொல்லிவிட்டான் என்றதும் எங்களுக்குத் தோன்றியது ஒழுக்கக் குறைவு. உடம்புக் குறைவு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களைவிட அதிகம் அறிந்திருக்க வேண்டியவள் வெட்கத்தால் முகம் திருப்பிவிட்டாள். வழக்கம் நமக்குப் பார்க்கக் கற்றுத்தருகிறது, சரி. எங்கே பார்க்கக் கூடாது என்பதையும் அதுதானே கற்றுத்தருகிறது.

இரண்டாம் பாதியில் இசிகெலி நன்றாகவே ஓடினான். கடைசிப் பந்தைச் சகராயாவுக்குக் கொடுத்தவனும் அவன்தான். பத்தொன்பதுக்குப் பதினேழு. எங்கள் ஆட்கள் மைதான நடுவில் மண்டியிட்டுத் துதிப் பாட்டுப் பாடினார்கள். பதக்கம் போட்டார்கள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். ஒரு குறையும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, பார்வையாளர் மேடைக்கு அடியிலிருந்த உடை மாற்றும் அறையில் அது நடந்தது. நான் ஆட்டத் தாளில் கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தேன். மேலாளர் வைசாகே, மிலியாகெரேவுக்கும் இசிகெலிக்கும் சித்தப்பா, ஒருவனின் வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் கேட்டுக் குரல் கொடுத்தார். வெளியே பையை அடுக்கிக்கொண்டிருந்த மிலியாகெரே ஐஸ் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். கண்ணைத் தாழ்த்தியபடிதான் வந்தாள், பெஞ்சின் கடைசியில் இசிகெலி இருந்ததால்.

"மிலி."

அது இசிகெலியின் குரல். முதலில் யாருக்கும் புரியவில்லை.

"மிலி, இங்க வா. என் பக்கத்துல உக்காரு."

அறையில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், சின்னப் பையன் சிரிப்பது போல.

"எல்லாருக்கும் கால் கட்டுற. எனக்கு மட்டும் ஏன் கட்டவே மாட்டேங்கிற?" காலைத் தூக்கி அவளை நோக்கி நீட்டினான். "கட்டு."

எனக்கு அறுபது வயதாகிறது. இரண்டு புயல்களையும் ஒரு படகு மூழ்கியதையும் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் எனக்கு ஏற்பட்டதைப் போன்ற உலுக்கல் அவற்றில் ஏற்படவில்லை. கோயிலுக்குள் நம் கண்ணெதிரே ஒருவன் ஆடையை அவிழ்த்தால் எப்படி இருக்கும்? ஓர் இளைஞன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்னடா பேசுற?" வைசாகே இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "தங்கச்சிகிட்ட பேசுற பேச்சாடா இது? எவன்டா இவனுக்கு ஊத்திக் குடுத்தது?"

"யாரும் ஊத்தல மாமா," என்றான் சகராயா. "இங்கேயேதான் இருந்தான்."

"அப்ப ஜெயிச்ச திமிரு. பஸ்ல ஏத்துங்க. படுத்துத் தூங்கட்டும். ஊருக்குப் போய் வெச்சுக்கிறேன். நீ வெளியில போம்மா."

இரண்டு பேர் இசிகெலியின் கைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். மிலியாகெரே வெளியேறுவதற்காக மற்றவர்கள் வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. ஐஸ் பொட்டலம் அவள் கையிலிருந்து விழுந்து சிதறியது.

"தூங்க விடாதீங்க."

"நாங்க பாத்துக்கிறோம். நீ போம்மா."

"சித்தப்பா, அவன் இப்படிப் பேச மாட்டான்."

"அதத்தானே நானும் சொல்றேன்!"

"நீங்க திட்டுறீங்க. நான் சொல்றது வேற. அவன் பேச மாட்டான். பேசுறான்னா அவன் அவனா இல்ல."

அவள் பெஞ்சை நோக்கி நடந்தாள். அவனைத் தூக்கியவர்கள் பயந்து கையை விட்டார்கள். அவள் அவன் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பிடித்தாள். உயரத்திலிருந்து எதையாவது எடுக்க ஒருவரின் தலைக்கு மேல் கை நீட்டினால் மன்னிப்பாகக் கைதட்டுவது எங்கள் வழக்கம். எனக்குப் பின்னால் யாரோ, தன்னை அறியாமல், மெதுவாக மூன்று முறை கைதட்டினார்கள். அவளுக்குப் பதிலாக.

காதுக்கு மேலே அவள் விரல் நின்றது. இமைகளை விலக்கினாள். வலது கண்ணின் கருமணி சிறியதாக இருந்தது. இடது கண்ணில் அது சட்டைப் பொத்தான் அளவு விரிந்து கிடந்தது.

"அண்ணா, என்னைப் பாரு." பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவள் அவனிடம் சொன்ன முதல் சொற்கள். "எங்க இருக்கோம்? சொல்லு, எங்க இருக்கோம்?"

"பாயில..." என்றான் அவன். பிறகு அவள் மடியிலும் தன் பதக்கத்தின் மீதும் வாந்தியெடுத்தான்.

சகராயாவின் முகம் சாம்பல் நிறமாகியது. "மிலி. அப்ப அது... மைதானத்துலயே..."

"ஆமா. அப்பவே. வண்டி பாரு, ஓடு."

மைதான மருத்துவர் மணிக்கட்டு முறிந்த பெண்ணோடு ஆம்புலன்ஸில் போயிருந்தார். எங்கள் பஸ்ஸை நிறைவு விழா ஊர்வலம் அடைத்திருந்தது. வாசலில் ரொட்டிப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்த நாராயண் என்பவரின் வேன் கிடைத்தது. அவர் தட்டுகளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் மிலியாகெரே, மடியில் இசிகெலியின் தலை. சகராயா கால்பக்கம். நான் முன் இருக்கையில்.

அவள் அவனைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அட்டைக் கேள்விகள் தீர்ந்ததும் வேறு கேள்விகள். படகுக்கு என்ன நிறம் அடிச்சே? பெரியப்பா முதுகுவலி எப்படி இருக்கு? அன்னைக்கு மரத்துலேருந்து என்னைத் தள்ளிவிட்டது நீதானே? அவன் முதலில் பதில் சொன்னான், பிறகு முனகினான். பாலத்தைத் தாண்டும்போது முனகலும் நின்றது. அவள் மட்டும் நிறுத்தவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டிருக்கும் கூச்சம் அப்போதும் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் உடனே படம் எடுத்தார்கள். மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகும்முன் இளம் மருத்துவர் ஒருவர் தாளோடு வந்தார். வைசாகேயும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்.

"அடிபட்டப்போ யார் பாத்தது?"

"நான்," என்றாள் மிலியாகெரே.

"கேள்வி கேட்டீங்களா?"

"ரெண்டு கேக்க வெச்சேன். மூணு கேக்கல."

"பதில் என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

அவள் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. "உன் பொண்டாட்டி பாயில. உன் மாமனாரு," என்று அப்படியே சொன்னாள், எழுத்துக் கூட்டுபவள் போல. வைசாகே தரையைப் பார்த்தார். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

"இப்பவாவது கொண்டுவந்தீங்க. தூங்க விட்டிருந்தா எழுந்திருக்க மாட்டார்," என்றார்.

வைசாகே அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "பஸ்ல ஏத்தச் சொன்னேனே," என்று இரண்டு முறை சொன்னார். யாரிடமும் அல்ல.

அறுவை முடிந்தும் நான்கு நாட்கள் அவன் கண் திறக்கவில்லை. திறந்தால் யாராக இருப்பான் என்று மருத்துவர்களும் சொல்லவில்லை. மிலியாகெரே அந்த நான்கு நாட்களும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவன் உதட்டைத் துணியால் நனைத்தாள், காலைப் பிடித்துவிட்டாள். அந்தக் கணுக்காலையும்.

ஐந்தாம் நாள் காலை சகராயா சவரம் செய்யாத முகத்தோடு கட்டில் அருகே நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். இசிகெலி கண் திறந்தான். சகராயாவைப் பார்த்தான். தலையை மெதுவாகத் திருப்பி மிலியாகெரேயைப் பார்த்தான். இரண்டு நொடி இருக்கும். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மச்சான்," என்றான், குரல் வறண்டிருந்தது. "பக்கத்துல இருக்கறவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு."

சகராயா ஆரஞ்சைக் கையில் பிடித்தபடியே அழுதான். மிலியாகெரே எழுந்து, தலைகுனிந்து, வெளி வராந்தாவுக்கு வந்தாள். அங்கிருந்த நர்ஸ் எங்கள் பக்கத்தவள் அல்ல.

"என்னாச்சு? மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரே. உங்க மேல கோபமா?"

"இல்ல சிஸ்டர். சரியாயிட்டான்," என்றாள் மிலியாகெரே. பிறகு அங்கிருந்த பெஞ்சில் படுத்து மத்தியானம்வரை தூங்கினாள்.

அவளைத் தைரியசாலி என்று எங்கள் தீவில் இப்போது சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. தைரியம் தேவைப்பட்ட முதல் இடத்தில் அவள் திரும்பி நடந்தாள், நாங்கள் சிரித்தோம். ஒரே நாளில் இரண்டாவது இடம் கிடைத்தது அவள் அதிர்ஷ்டம், அதைவிட அவன் அதிர்ஷ்டம். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று தெரியும். விழாக் குழுவுக்கு அவளே கடிதம் எழுதினாள், மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டதாக. அண்ணன் முறையுள்ளவன் ஆடும் அணியில் பையைத் தூக்க இன்னொருவரும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அட்டையின் அடியில் பேனாவால் ஆறாவது கேள்வி ஒன்றை எழுதி வைத்திருக்கிறாள்: இவர் வழக்கமாக இப்படிப் பேசுவாரா?

இரண்டு மாதம் கழித்து இசிகெலி தீவுக்குத் திரும்பினான். இனி விளையாட முடியாது. தான் என்ன பேசினான் என்பதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளே வைசாகேயும் சகராயாவும் மன்னிப்புக் கேட்க எங்கள் ஊரில் கொடுக்கும் திமிங்கலப் பல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மிலியாகெரேயின் அப்பா வீட்டுக்கு வந்தார்கள். தங்கை முன்னால் தகாத சொல் பேசியதற்கும் அவளை நேரில் அழைத்ததற்கும் இசிகெலியின் மன்னிப்பு. முறைப்படி அவள் அப்பா இரண்டு கையால் அதை வாங்கி மன்னித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மிலியாகெரே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். எந்தச் சொல்லைச் சொன்னதால் பிழைத்தானோ அதற்காக அவன் மன்னிப்புக் கேட்கிறான். அதுவும் அவளிடம்.

மறுநாள் காலை அப்பாவிடம் கேட்டுப் பல்லை வாங்கிச் சகராயாவிடம் கொடுத்தாள்.

"திருப்பிக் குடு. இது நான் கேக்கற மன்னிப்பு. மூணு கேள்வி பாக்கி வெச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லு."

"ஒரே பல்லை வெச்சுக்கிட்டு அண்ணனும் தங்கச்சியும் என் காலை ஒடிக்கிறீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் புல்வெளியைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது அடிகூட இருக்காது. கதவுகள் இரண்டும் திறந்தே இருந்தன.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"பல்லை வாங்கிக்கிட்டான். கேள்வி மூணையும் இப்பக் கேக்கச் சொன்னான். கேட்டேன். எந்தப் பாதின்னா முதல் பாதிங்கிறான். அதுக்கு முந்தின ஆட்டம் யாரோடன்னும் சரியாச் சொன்னான். அதுல ஜெயிச்சதையும் சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுவும் இல்லையாம் மிலி. முழங்கால் வர்ற வரைக்கும்தான் ஞாபகம் இருக்காம். பதக்கம் இருக்கு, வாங்கினது ஞாபகம் இல்லை. நான் சொன்னா மிகைப்படுத்துவேனாம். ஓரத்துல நின்னு பாத்தவங்களைச் சொல்லச் சொல்றான். ரெண்டாம் பாதி மட்டும்."

மிலியாகெரே வாசற்படியில் உட்கார்ந்தாள், எதிர்வீட்டுக்கு முதுகைக் காட்டி. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அந்த ஏழு நிமிடமும் அவள் அவனைத் தவிர வேறு எவனையும் பார்த்திருக்கவில்லை.

"முதல்ல அவன் இடது பக்கம் ஓடினான்னு சொல்லு," என்றாள்.

சகராயா மறுபடி நடந்தான்.